முதல் ஈக்கு இறகும் கம்பியும் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ட்ரவுட் மீனைப் பிடிக்கச் செயற்கை ஈ (தூண்டில் முள்ளில் இறகு, நூல் சுற்றிச் செய்யும் பூச்சி போன்ற இரை) கட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘புதியவர்களுக்கு’ என்று தலைப்பில் போட்டுவிட்டு, சேவல் கழுத்து இறகைச் சுற்றி நீர்மேல் மிதக்கவிடும் ஈயை முதல் பாடமாக வைத்தது எனக்கு ஒப்பவில்லை. அந்த இறகு ஒவ்வொரு சுற்றிலும் நிமிர்ந்து நிற்க வேண்டும், இழுக்கிற இழுப்பில் நூல் அறுந்துவிடக் கூடாது, சிறகுகள் இரண்டும் ஒரே அளவில் அமைய வேண்டும். இதெல்லாம் கை பழகிய பிறகு செய்கிற வேலை. எடுத்த எடுப்பிலேயே இதைக் கொடுத்தால் பாதிப் பேர் முள்ளையும் நூலையும் டிராயரில் போட்டு மூடிவிடுவார்கள்.

தவிர, ட்ரவுட் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கு அடியில்தான் பிடிக்கிறது. அப்புறம் மிதக்கும் ஈயில் தொடங்குவானேன்?

ஃபிராங்க் சாயரின் ஃபெசன்ட் வால் நிம்ஃபைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஃபெசன்ட் என்பது நீண்ட வாலுள்ள ஒரு பறவை, நிம்ஃப் என்பது நீருக்குள் வாழும் இளம்பருவப் பூச்சியைப் போலச் செய்யும் ஈ. சாயர் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் காவலராக இருந்தவர். மேஃப்ளை என்ற நீரோரப் பூச்சியின் இளம்பருவம் நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதைக் கவனித்தார். தன் ஈக்குக் கால் வைக்கவே இல்லை. கட்டும் நூலையும் விட்டுவிட்டார். தூண்டில் முள், ஆண் ஃபெசன்டின் செம்பழுப்பு வால் இறகு, மிக மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். கம்பியே நூலின் வேலையைச் செய்கிறது. ஈ மூழ்குவதற்கு வேண்டிய எடையும் அதிலிருந்தே கிடைக்கிறது.

14 அல்லது 16ஆம் எண் முள் சரியாக இருக்கும். (எண் கூடக் கூட முள் சிறியதாகும். கட்டுரையில் இதைச் சொல்லவில்லை. தெரியாதவர் 6ஆம் எண்ணை வாங்கிக்கொண்டு வந்து முழிப்பார்.) முள்ளை இடுக்கியில் பிடித்து, கம்பியை இடைவெளியில்லாமல் வளைவு வரை சுற்றுங்கள். பிறகு முன்பக்கம் வந்து சில சுற்றுகள் கூடுதலாகச் சுற்றினால் மார்புப் பகுதிக்கு ஒரு சின்ன மேடு கிடைக்கும். மறுபடியும் கம்பியோடு வளைவுக்குப் போய், இறகின் நான்கு இழைகளை அவற்றின் நுனிகள் 3 மில்லிமீட்டர் அளவு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டுங்கள். அதுதான் வால்.

அடுத்த படிதான் முக்கியம். இழைகளைத் தனியாகச் சுற்றாமல் கம்பியோடு சேர்த்து முறுக்கி, இரண்டையும் ஒன்றாக முன்னோக்கிச் சுற்ற வேண்டும். வெறும் இழை ட்ரவுட்டின் பல் பட்டதும் அறுந்துவிடும். கம்பியோடு முறுக்கியது எளிதில் அறாது. முன்னால் வந்ததும் கம்பியைப் பிரித்து மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். இழைகளை மேட்டின்மேல் பின்னோக்கி மடித்துக் கட்டி, கம்பியை முன்னால் கொண்டுவந்து, இழைகளை மீண்டும் முன்னோக்கி மடித்துக் கட்டி, மிச்சத்தை நறுக்கிவிடுங்கள். கம்பியாலேயே முடிச்சுப் போட்டு முடிக்கலாம். முள்ளின் காதுக்கு (நரம்பைக் கோக்கும் துளைக்கு) அருகில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஆரம்பத்திலிருந்தே சுற்ற வேண்டும். காது அடைபட்டுவிட்டால் ஆற்றங்கரையில் நின்றுகொண்டு தூண்டில் நரம்பைக் கோக்க முடியாமல் திண்டாட நேரிடும்.

வழுவழுப்பான முள்ளில் கம்பி வழுக்குகிறது என்று சிலர் சொல்வார்கள். வழுக்கினால் முதலில் ஒரு அடுக்கு நூல் சுற்றிக்கொள்ளுங்கள், சாயர் கோபித்துக்கொள்ள மாட்டார். கடையில் விற்கும் இதே ஈக்களில் மயில் தோகை இழை, கால்கள், முன்னால் உலோக மணி என்று என்னென்னவோ சேர்த்திருப்பார்கள். அவையும் மீன் பிடிக்கும். கற்றுக்கொள்பவருக்கு அவை இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொன்று. பிடித்த மீனைத் திரும்ப விடப்போகிறவர்கள் முனைக்கு அடியில் உள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும் என்று கட்டுரையின் கடைசி வரியில் இருக்கிறது. நல்ல யோசனை, ஆனால் அதை முதல் வரியில் போட்டிருக்க வேண்டும். நசுக்கும்போது சில முட்களின் முனை ஒடிந்துபோகும். கட்டி முடித்த ஈயில் ஒடிந்தால் அத்தனை வேலையும் போச்சு, வெறும் முள்ளில் ஒடிந்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்