முந்தனை ஆற்று வடிநிலம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, மகாஓயாவிலிருந்து விடியுமுன்னரே புறப்பட்டு வந்திருக்கும் விருந்தினர்களே, மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் இருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் நீங்கள் எம்மிடம் ஒப்படைத்த பணி ஒன்றுதான். முந்தனை ஆற்றுக்கென எந்தத் திட்டம் எழுதப்பட்டாலும், அந்த ஆற்றை நம்பி வாழும் வேளாண்மைக்காரரும் மீனவரும் மாடு வளர்ப்போரும் அதற்கு முன்னரே ஒருவரோடொருவர் பேசி முடித்திருக்க வேண்டும், அதற்கு வழி செய்யுங்கள் என்று கேட்டீர்கள். அந்தப் பணி எவ்வளவு தூரம் நடந்தது, எங்கே நின்றுவிட்டது என்பதையே இவ்வறிக்கை கூறுகிறது.

இலங்கையில் 103 ஆற்று வடிநிலங்கள், அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்துவரும் நிலப்பரப்புகள், கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் எமது வடிநிலத்தின் மேற்பகுதி அம்பாறை மாவட்டத்து மகாஓயாப் பக்கத்திலும், கீழ்ப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்திலும் கிடக்கிறது. மேலே றம்புக்கன் ஓயா நீர்த்தேக்கத்தின் கதவைத் திறப்பதும், கீழே பாலமீன்மடுவில், ஆறு வந்துசேரும் வாவியின் நீர் கடலுக்குப் போக முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டுவதும் ஒரே தண்ணீரைப் பற்றிய முடிவுகளே. ஆயினும் முன்னதை ஒரு மாவட்டத்திலும் பின்னதை வேறொரு மாவட்டத்திலும், ஒருவரையொருவர் அறியாதவர்கள் கூடித் தீர்மானிக்கிறார்கள். குளத்துக்கு ஒரு திணைக்களம், வாய்க்காலுக்கு இன்னொன்று, மீனுக்கு ஒன்று, ஆற்று மணலுக்கு ஒன்று, குடிநீருக்கு ஒரு சபை என்று பொறுப்பும் பிரிந்து கிடக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் கதிர் முற்றிய வயல்கள் நாட்கணக்காக நீருக்குள் கிடந்தபோது, எந்தக் கதவு எப்போது திறக்கப்பட்டது என்று கேட்கக்கூட எமக்கு ஆள் தெரியாமல் இருந்ததை இங்குள்ள பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

இவ்வாண்டு நான்கு கூட்டங்கள் நடத்தினோம். முதலாவது கூட்டம் சரியாக அமையவில்லை என்பதையும், அதற்குக் காரணம் செயலாளராகிய நானே என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். அழைப்பிதழைத் தமிழில் மட்டும் அச்சிட்டு, சிங்களம் பேசும் மகாஓயாவுக்கு அனுப்பினேன். வாவி மீனவர்களுக்கு அழைப்பே போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் உறுகாமம் பக்கத்து வேளாண்மைக்காரர்களாகவே இருந்தபடியால், எமக்குத் தெரிந்ததையே எமக்குள் பேசிக் கலைந்தோம்.

இரண்டாவது கூட்டத்துக்கு நாமே மேலே போனோம். மகாஓயாவில் ஒரு விகாரை மண்டபத்தில் முற்பகல் முழுவதும் பேச்சு நடந்தது. இரு மொழியும் அறிந்த எமது இளைஞர் ஒருவர் இடைவிடாமல் மொழிபெயர்த்தார். அங்கிருந்த முதிய விவசாயி ஒருவர் வெற்று உரப்பை ஒன்றை வெட்டி விரித்து, கரித்துண்டால் ஆற்றை வரையத் தொடங்கினார். தமது வயல், நீர்த்தேக்கம், யானை இறங்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தவர், மாவட்ட எல்லை வந்ததும் கையை நிறுத்தி, இதற்கப்பால் தமக்குத் தெரியாது என்றார். எமது உபதலைவர் அந்தக் கரியை வாங்கி, உறுகாமம், கித்துள் குளங்களையும் வாவியையும் வரைந்து, கடைசியில் முகத்துவாரத்தையும் இட்டார். அந்த உரப்பை இப்போது எமது அலுவலகச் சுவரில் இருக்கிறது. பல இலட்சம் ரூபா செலவில் வரையப்படும் வரைபடங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆற்றின் இரு முனைகளிலும் வாழ்பவர்கள் சேர்ந்து வரைந்த படம், நான் அறிந்தவரையில் இது ஒன்றுதான்.

மேலாற்று மக்களின் நிலையையும் அன்றுதான் அறிந்தோம். கோடைக்காலச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் போய்விடும் என்ற அச்சத்தில் கடைசிவரை நீரைப் பிடித்துவைக்குமாறு அவர்கள் கேட்கிறார்கள். மழை வலுத்து நீர்மட்டம் ஏறிவிட்டால் நள்ளிரவானாலும் கதவைத் திறக்க வேண்டியதாகிறது. எவரும் எமக்குத் தீங்கு நினைத்துத் திறப்பதில்லை. கீழே யாருக்குச் சொல்வதென்று அவர்களுக்கும் தெரியாமல் இருந்தது. கதவு திறக்குமுன் இரு மொழியிலும் குறுஞ்செய்தி அனுப்புவதற்கென இரு பக்கத்திலும் பொறுப்பாளர்கள் அன்றே நியமிக்கப்பட்டார்கள். கடந்த மாரியில் செய்தி கிடைத்த இரவில், ஆற்றோரம் கட்டியிருந்த மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்ல நேரம் கிடைத்தது.

மூன்றாவது கூட்டம் வாவிக்கரையில் நடந்தது. மீனவர் ஒருவர் வலையோடு வந்திருந்தார். கண்ணிகளில் ஆற்றுவாழை என்னும் மிதக்கும் நீர்க்களையின் வேர் சிக்கி, பாதி வலை கறுத்துக் கிடந்தது. அதைத் தரையில் விரித்து, முகத்துவாரத்தைப் பற்றித் தாம் ஏன் பிடிவாதமாக நிற்கிறோம் என்று விளக்கினார். வாவி நிறைந்தால் கரையோர வயல் அழுகுகிறது, ஆகவே வேளாண்மைக்காரர் உடனே வெட்டச் சொல்கிறார்கள். மழை தொடருமுன் அவசரப்பட்டு வெட்டினால் வாவி நீர் வடிந்துபோக, கடல்நீர் உள்ளே ஏறுகிறது. பிந்தி வெட்டினாலோ கடலிலிருந்து இறால் குஞ்சு வரும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. இதில் எவருடைய கோரிக்கையும் பொய்யல்ல. இரு தரப்பும் ஏற்கும் நீர்மட்டம் ஒன்றைக் குறித்து, அந்த அளவு வந்ததும் மாவட்டச் செயலகத்துக்கு இரு தரப்பும் சேர்ந்தே கடிதம் கொடுப்பதென்று முடிவாயிற்று. அந்த அளவு எதுவென்பதில் இன்னும் உடன்பாடு எட்டவில்லை.

இப்படிப்பட்ட ஒத்துழைப்பு எமது மாகாணத்துக்குப் புதிதல்ல. கல்லோயா இடதுகரை வாய்க்காலில் 1980களின் தொடக்கத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் துணைநிற்க, வயல் வாய்க்கால் மட்டத்தில் விவசாயிகள் சிறு குழுக்களாகச் சேர்ந்தார்கள். வாய்க்காலைத் தாமே துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிச்சப்பட்ட நீரைக் கடைமடைக்கு விட்டார்கள். தலைமடையில் சிங்கள விவசாயிகளும் கடைமடையில் தமிழ் விவசாயிகளும் இருந்த வாய்க்கால் அது. நாட்டின் நிலைமை கெட்டுவந்த காலத்திலும் அவர்களால் அதைச் செய்ய முடிந்தது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விவசாய அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. எனினும் அவை குளத்துக்கும் கண்டம் எனப்படும் வயற்பரப்புக்கும் உரியவையாகவே இயங்குகின்றன. ஆறு முழுவதற்குமான சபை எம்மிடம் இல்லை.

நான்காவது கூட்டத்தில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியரான எமது அங்கத்தவர், ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டில் இயற்றிய நீர்ச் சட்டத்தை விளக்கினார். அங்கு ஒவ்வொரு வடிநிலத்துக்கும் ஒரு திட்டம் உண்டு, 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திருத்தப்படுகிறது. திட்டம் நடைமுறைக்கு வரும் காலத்துக்கு 3 ஆண்டுகளுக்கு முன் வேலை அட்டவணையும், 2 ஆண்டுகளுக்கு முன் முக்கிய பிரச்சினைகளின் தொகுப்பும், 1 ஆண்டுக்கு முன் வரைவும் வெளியிடப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கக் குறைந்தது 6 மாதம் கொடுக்க வேண்டும். அந்த நாடுகளின் வசதி வேறு, எமது வசதி வேறு. ஆனால் 6 மாத அவகாசத்துக்குப் பணம் தேவையில்லை. கித்துள், உறுகாமம் குளங்களை இணைத்துப் பெரிதாக்கும் யோசனை நீண்ட காலமாகப் பேசப்படுகிறது. அதனால் நீருக்குள் போகக்கூடிய நிலத்தையும், கிடைக்கக்கூடிய நீரையும், வாவிக்கு வந்துசேரும் நன்னீர் குறையுமா என்பதையும் வரைவு நிலையிலேயே எமக்குக் காட்டுமாறு ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. கடிதப் பிரதிகள் கோப்பில் உள்ளன. அங்கத்தவர்கள் பார்வையிடலாம்.

வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பிலிருந்த எமது மூத்த வட்டவிதானை ஐயா இவ்வாண்டு எம்மைவிட்டுப் பிரிந்தார். குளத்தின் அளவுப் பலகையைப் பார்த்து அவர் பென்சிலால் எழுதிவந்த கொப்பிகளை, அவருடைய மகள் சங்கத்திடம் ஒப்படைத்தார். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவுக்குரிய பக்கத்தில் "கட்டு நின்றது" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லை. அக்கொப்பிகளைப் பிரதியெடுத்து நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் கொடுத்தோம். அவர் அவற்றைப் பெறுமதியான தரவு என்று ஏற்றுக்கொண்டது எமக்கு மனநிறைவளித்தது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இறுதியாகச் சபையின் முன் இரண்டு பிரேரணைகளை வைக்கிறேன். வாவி மீனவர்களுக்கும் மகாஓயா விவசாயிகளுக்கும் ஆட்சிக்குழுவில் வாக்குரிமையுள்ள இடங்கள் வழங்குவதற்காக எமது யாப்பு திருத்தப்பட வேண்டும். அடுத்த மாரிகாலப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னர், மூன்று தரப்பும் முகத்துவார நீர்மட்டம் பற்றி மீண்டும் கூடிப் பேச வேண்டும். அக்கூட்டத்துக்கான அழைப்பிதழ் இரு மொழியிலும் அச்சாகிவிட்டது. வெளியே செல்லும்போது வாசலில் பெற்றுக்கொள்ளுங்கள்.