ஜானிஸ் ஜாப்ளின் பாடினாரா, கத்தினாரா? எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராக், ப்ளூஸ் இசையைப் பற்றித் தமிழில் எழுதியும் பேசியும் வரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஜனவரி 19 அமெரிக்க ராக், ப்ளூஸ் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பிறந்த நாள். அக்டோபர் 4 அவர் இறந்த நாள். இந்த இரண்டு தேதிகளை ஒட்டி அவரைப் பற்றிய கட்டுரைகள் வருகின்றன. எல்லாவற்றையும் படித்தால் கடைசியில் நிற்பவை இரண்டே தீர்ப்புகள். தொண்டை கிழியக் கத்தினார், அதற்குப் போய் இத்தனை புகழா என்பது ஒன்று. இலக்கணம் எதற்கும் அடங்காத உணர்ச்சிப் பிழம்பு என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன: அவர் யோசிக்காமல் பாடினார் என்ற நம்பிக்கை. அது தவறு. தவறு என்பதற்கு அவருடைய பதிவுகளே சாட்சி. அவற்றைக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ரோலிங் ஸ்டோன் இதழ் 2008-இல் வெளியிட்ட சிறந்த பாடகர்கள் பட்டியலில் அவருக்கு 28-ஆம் இடம். 2023 பட்டியலில் 78-ஆம் இடம். 1970-க்குப் பிறகு அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. இடைப்பட்ட காலத்தில் மாறியது பட்டியல் போடுகிறவர்களின் காதுதான். இடத்தை வைத்து வாதாடுவதில் பயனில்லை, குரலுக்கு வருவோம்.

முதலில் அந்தக் கரகரப்பு. 1964-இல் கிட்டார் கலைஞர் யோர்மா கௌக்கோனனோடு அவர் பாடிய வீட்டுப் பதிவு ஒன்று உண்டு. பின்னணியில் தட்டச்சு இயந்திரம் ஓடும் ஓசை கேட்பதால் அதை 'டைப்ரைட்டர் டேப்' என்பார்கள். அப்போது அவருக்கு 21 வயது. அதில் கேட்பது பழைய ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை ஊன்றிக் கேட்டுப் பழகிய, தெளிவான, கனமான குரல். பிற்காலத்து அலறல் அதில் கிட்டத்தட்ட இல்லை. இயல்பிலேயே கிழிந்த குரல் என்று எழுதுகிறவர்கள் இந்த நாடாவைக் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1966 ஜூனில், பிக் பிரதர் அண்ட் த ஹோல்டிங் கம்பெனி என்ற ராக் குழுவில் சேர்ந்த பிறகுதான் குரல் மாறுகிறது. அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவில் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்கள் முழு ஒலியில் முழங்கின. பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்க உதவும் மேடை மானிட்டர் ஸ்பீக்கர்கள் அன்றைக்கு ஆரம்ப நிலையில் இருந்தன. சுற்றிலும் இரைச்சல் ஏறினால் மனிதக் குரல் தானாகவே உயரும். ஒலியியலில் இதை லோம்பார்ட் விளைவு என்பார்கள். வெறும் உரத்தைக் கூட்டினால் கிட்டார் அதை விழுங்கிவிடும். கரகரப்பைச் சேர்த்தால் குரலில் உயர் அதிர்வெண்கள் பெருகும், இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டிஸ் ரெடிங் போன்ற சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) பாடகர்கள் ஏற்கெனவே கையாண்ட உத்தி இது. ஜாப்ளின் ரெடிங்கை உன்னிப்பாகக் கவனித்தவர்.

இந்தக் கரகரப்பு எங்கே பிறக்கிறது என்பதும் முக்கியம். சுருதியைப் பிடிப்பவை குரல் நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே பொய் நாண்கள் என்ற மடிப்புகள் உள்ளன. குரல் நாண்கள் ஒழுங்காக அதிரும்போதே மேலுள்ள பகுதியும் சேர்ந்து அதிர்ந்தால், சுருதி கெடாமல் ஒலி கரடுமுரடாகும். வெறும் கத்தலில் சுருதியே இருக்காது. 'பால் அண்ட் செயின்' பாட்டின் உச்சத்தில் வரும் அலறல்களைத் தனியே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லக்கூடிய ஸ்வரம் உண்டு. சில இடங்களில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் ஒலிப்பது போலவும் இருக்கும்.

இனி, யோசித்துப் பாடினாரா என்ற கேள்வி. 1968 ஆகஸ்டில் வந்த 'சீப் த்ரில்ஸ்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜான் சைமன். ஜாப்ளின் தன் முனகல்களையும் அலறல்களையும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்துக்கொள்கிறார் என்பது சைமன் சொன்ன குறை. ப்ளூஸ் பாடகி அந்தந்த நொடியில் உணர்ந்து பாட வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். எங்களுக்கு அந்தக் குறையே மிகப் பெரிய சான்றிதழாகப் படுகிறது. எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும், எந்த இடத்தில் மூச்சு மட்டும் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்து, அதையே மறுபடியும் செய்து காட்டுவதற்குத்தான் பாடும் திறமை என்று பெயர்.

அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது ஒரு தகவல் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. முழுவதும் மேடைப் பதிவு, கூட்டத்தைக் கண்டு பொங்கிய குரல் என்று எழுதுகிறார்கள். கூட்டத்தின் ஆரவாரம் பின்னால் சேர்க்கப்பட்டது. 'பால் அண்ட் செயின்' மட்டுமே உண்மையான மேடைப் பதிவு. 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' ஸ்டூடியோவில், டேக் மேல் டேக் எடுத்து, அதாவது மறுபடி மறுபடி பாடிப் பதிவுசெய்து, செதுக்கியது. 2018-இல் வெளிவந்த 'செக்ஸ், டோப் அண்ட் சீப் த்ரில்ஸ்' தொகுப்பில் அந்த அமர்வுகளின் வேறு டேக்குகள் உள்ளன. ஆல்பத்தில் உள்ளதையும் தொகுப்பில் உள்ள இதே பாட்டின் டேக்கையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கோரஸுக்கு முன்னால் ஒரே அழைப்புச் சொல் அடுக்கிக்கொண்டு வரும் இடத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் கரகரப்பு ஒரு படி ஏறுகிறது. அடுத்த சரணம் தொடங்கும்போது குறைக்கப்படுகிறது. முதலிலேயே உச்சத்துக்குப் போயிருந்தால் கோரஸுக்கு மிச்சம் இருந்திருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே ஆல்பத்தில் உள்ள 'சம்மர்டைம்' இன்னும் நல்ல சோதனை. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1935-இல் ஓபராவுக்காக எழுதிய தாலாட்டு அது. பிக் பிரதரின் சாம் ஆண்ட்ரூவும் ஜேம்ஸ் கர்லியும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் சாயலில் இரண்டு கிட்டார்களைப் பின்னி ஆரம்பிக்கிறார்கள். குரல் நுழையும்போது ஒரு நூலளவுதான் இருக்கிறது, ஓரங்களில் லேசாக விரிசல். முதல் சொல்லின் கடைசி அசையை மட்டும் பிய்த்து மறுபடி மறுபடி சொல்கிறார். ஓபராப் பாடகி அந்த வரியை ஒரே மூச்சில் இழுத்து மிதக்க விடுவார், இவர் துண்டாக்குகிறார். துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தாளத்தோடு பொருந்தி நிற்கிறது. ஹெட்போனில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டால் இது நன்றாகத் தெரியும். ஸ்பீக்கரில் அலற விட்டால் விரிசல்கள் மட்டுமே காதில் விழும்.

சுருதி சுத்தம் இல்லை என்ற குற்றச்சாட்டுக்குத் தமிழ்க் காதுகளுக்கு எளிதில் புரியும் பதில் உண்டு. ப்ளூஸில் காந்தாரம் ஓரிடத்தில் உட்காராது. நம் கணக்கில் சொன்னால் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஊசலாடும். நிஷாதமும் அப்படியே. 'டர்ட்டில் ப்ளூஸ்' ஜாப்ளினே எழுதிய பாட்டு, பியானோ வாசித்தவர் அதே ஜான் சைமன். பியானோவின் கட்டைகள் அசையாதவை, குரல் அவற்றுக்கு நடுவில் வழுக்குகிறது. போனில் உள்ள, சுருதி பார்க்கும் ட்யூனர் செயலி அந்த இடங்களை எல்லாம் சிவப்பாகக் காட்டும். அதை வைத்து அபஸ்வரம் என்று எழுதிவிடாதீர்கள். சுருதியைச் சோதிக்க வேண்டுமானால் 'மெர்சிடிஸ் பென்ஸ்' இருக்கிறது. 1970 அக்டோபர் 1 அன்று, இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரே டேக்கில் பாடியது. முதல் சரணத்தின் ஆதார ஸ்வரத்தைச் சுருதிப்பெட்டியில் பிடித்து வைத்துக்கொண்டு கடைசிச் சரணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அவரைக் கொண்டாடுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அவர் பாடிய எல்லாமே நன்றாக இல்லை. 1968 டிசம்பர் 1-இல் பிக் பிரதரோடு கடைசி நிகழ்ச்சி. 21-ஆம் தேதி மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ்-வோல்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விழாவில் புதிய குழுவோடு மேடை ஏறினார். மூன்று வாரம்கூட ஆகாத குழு, சோல் இசையின் தலைநகரத்துக் கூட்டம், எடுபடவில்லை. 1969-இல் வந்த 'காஸ்மிக் ப்ளூஸ்' ஆல்பத்தில் ஊதுகருவிகள் அவருடைய குரல் ஒலிக்கும் அதே எல்லைக்குள் வந்து நிற்கின்றன. இடத்துக்காக அவர் இன்னும் அழுத்துகிறார், அழுத்த அழுத்தச் சொற்கள் மங்குகின்றன. பாட்டின் இறுதியில் ஒரே அசையைத் திக்கித் திக்கி அடுக்கும் பழக்கமும் அங்கே அளவுக்கு மீறுகிறது. ஆனால் அதே ஆல்பத்தில் 'லிட்டில் கேர்ள் ப்ளூ' இருக்கிறது. அவருடைய அடக்கத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. அதே குழு 1969 ஏப்ரலில் ஃபிராங்க்ஃபர்ட்டில் வாசித்த படச்சுருளைப் பார்த்தால் குழுவையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது.

உட்ஸ்டாக் இசை விழா நிகழ்ச்சியை அவருடைய சாதனையாக எழுதுவதை நிறுத்த வேண்டும். 1969 ஆகஸ்ட் 17 அதிகாலை இரண்டு மணி வாக்கில்தான் மேடை கிடைத்தது. பல மணி நேரக் காத்திருப்பு, மது, ஹெராயின். குரல் கட்டியிருக்கிறது, மேல் ஸ்வரங்கள் எட்டவில்லை. அந்த விழாவைப் பற்றி 1970-இல் வந்த படத்தில் அவர் இல்லை. அவரை மேடையில் பார்க்க விரும்புகிறவருக்கு 1967 ஜூன் மாண்டரே இசை விழாவைக் காட்டுங்கள். சனிக்கிழமை பாடியது படமாக்கப்படவில்லை என்பதால் ஞாயிறு மீண்டும் மேடை ஏறி அதே 'பால் அண்ட் செயின்' பாட்டைப் பாடினார். யோசிக்காத உணர்ச்சிப் பிழம்பு என்றால் மறுநாள் கேமராவுக்காக அதை எப்படி மறுபடி செய்ய முடியும்?

மூன்றாவதாக ஒரு கருத்தும் உண்டு: கறுப்பினப் பெண்களின் பாட்டை வெள்ளைக்காரப் பெண் எடுத்துக்கொண்டு பெயர் வாங்கினார் என்பது. இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 'பால் அண்ட் செயின்' பிக் மாமா தார்ன்டன் எழுதியது; பிக் பிரதர் அதை மைனர் ஸ்கேலுக்கு மாற்றி வேகத்தைக் குறைத்தார்கள். 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' பாட்டை 1967-இல் முதலில் பாடியவர் எர்மா ஃபிராங்க்ளின். ஜாப்ளினின் வடிவத்தை வானொலியில் கேட்டபோது அது தன் பாட்டு என்றே முதலில் எர்மாவுக்கு அடையாளம் தெரியவில்லையாம். எர்மா தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து, காயத்தை மறைத்துக்கொண்டு பாடுகிறார். ஜாப்ளின் தாளத்தின் மேலேயே நிற்கிறார். இரண்டும் இரண்டு பாட்டு. 'க்ரை பேபி' விஷயத்தில் எங்கள் ஓட்டு 1963-இல் பாடிய கார்னெட் மிம்ஸுக்கே. அவர் பொறுத்துப் பொறுத்து ஏறுகிறார், ஜாப்ளின் முதல் நொடியிலேயே உச்சியில் நிற்கிறார். 'மேபி' பாட்டில் சாண்டெல்ஸ் குழுவின் ஆர்லீன் ஸ்மித்தின் இளங்குரலுக்கு ஜாப்ளின் ஈடாகவில்லை. அதே சமயம், தன் ஆசான்களை அவர் மறைக்கவில்லை. 1937-இல் இறந்த பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறை பல ஆண்டுகள் கல் இல்லாமல் கிடந்தது. 1970 ஆகஸ்டில் நடுகல் வைத்த செலவை, சிறுவயதில் பெஸ்ஸியிடம் வேலை செய்த ஹுவானிட்டா கிரீனும் ஜாப்ளினும் பகிர்ந்துகொண்டார்கள்.

அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதற்கு 1971 ஜனவரியில் வெளிவந்த 'பெர்ல்' ஆல்பத்தைக் கேட்க வேண்டும். தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட், குழு ஃபுல் டில்ட் பூகி. 'மீ அண்ட் பாபி மகீ' கிட்டத்தட்டப் பேச்சுபோல, கீழ்க்குரலில் தொடங்குகிறது. ஜி சுருதியில் தொடங்கிய பாட்டு நடுவில் ஏ சுருதிக்கு ஏறுகிறது. சொற்கள் தீர்ந்த பிறகும் வெறும் 'ல ல' என்ற அசைகளை வைத்துக்கொண்டு பியானோவோடும் ஆர்கனோடும் நெடுநேரம் ஓட்டுகிறார். கரகரப்பு வருவதும் போவதும் அவர் விருப்பப்படி நடக்கிறது. 2012-இல் வந்த 'த பெர்ல் செஷன்ஸ்' தொகுப்பில் டேக்குகளுக்கு இடையே அவர் பேசுவதும் பதிவாகியிருக்கிறது. தன் பாட்டு எப்படி வர வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அதில் பேசுகிறார். 'பரீட் அலைவ் இன் த ப்ளூஸ்' மட்டும் குரல் பதிவாகும் முன்பே அவர் இறந்ததால் வெறும் வாத்தியமாக நின்றுவிட்டது.

இன்னொன்று, உங்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பாடிப் பார்க்கும் இளைஞர்களுக்காக. தொண்டை கிழியப் பாடினார் என்று புகழும்போது அவர்கள் அதையே வழிமுறையாக எடுத்துக்கொள்கிறார்கள். கழுத்தை இறுக்கி, மூச்சை முட்டித் தள்ளுகிறார்கள். குரல் நாண்கள் மோதி வீங்குகின்றன. முதலில் போவது உரத்த குரல் இல்லை, மெல்லிய மேல் ஸ்வரம். அதனால் வீக்கம் வந்தது பல நாள் தெரியாமலே போகும். சோதிக்க எளிய வழி உண்டு: பிறந்தநாள் பாட்டின் முதல் வரியை மிக மெல்லிய குரலில், ஒவ்வொரு முறையும் சற்று உயர்ந்த சுருதியில் பாடிப் பார்க்க வேண்டும். வழக்கமாக எட்டும் இடத்தில் காற்று மட்டும் வந்து குரல் தாமதமாக ஒட்டினால், அன்று கரகரப்புப் பயிற்சி கூடாது. பயிற்சி செய்யும் நாளிலும் முதலில் அந்த ஸ்வரத்தைச் சுத்தமாகப் பிடிக்க வேண்டும்; அதன் மேல் இரண்டு மூன்று நொடி மட்டும் கரகரப்பு; மறுபடி சுத்தமான குரலுக்குத் திரும்ப வர வேண்டும். திரும்ப வர முடியவில்லை என்றால் செய்தது தவறு. அரிப்போ இருமலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தானாகவே தங்கிவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். மிளகுக் கஷாயத்தோடு காத்திருக்கக் கூடாது.

அடுத்த கட்டுரையில் அவருடைய குரலைப் பற்றி நல்லதோ கெட்டதோ எதைச் சொன்னாலும், எந்தப் பாட்டு, எந்த ஆண்டுப் பதிவு, ஸ்டூடியோவா மேடையா, எந்தக் குழு, அந்தப் பாட்டை அவருக்கு முன் யார் பாடினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சீப் த்ரில்ஸ் ஜாப்ளினைப் பிடிக்காத வாசகருக்கு பெர்ல் ஜாப்ளினைப் பிடிக்கலாம். இருவரையும் பிடிக்காமல் எர்மா ஃபிராங்க்ளினிடம் போய்ச் சேர்ந்தாலும் எங்களுக்குச் சந்தோஷமே.

அன்புடன்,
குரல் பயிற்சியிலும் ஒலிப்பதிவிலும் வேலை செய்யும் சிலர்