இடிக்க வேண்டிய கட்டடம் எது?

சென்னை

அன்பு நண்பனுக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் பள்ளி வளாகத்தில் ஒரு பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, நாம் படித்த பழைய கட்டடத்தைத்தான் இடிக்கப் போகிறார்களா என்று கலங்கிப்போய்க் கேட்டிருந்தாய். இடிக்கவிருப்பது அதை அன்று. நாம் படிப்பை முடித்து வெளியேறிய பிறகு, 1980களில் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் எழுந்த கான்கிரீட் கட்டடத்தைத்தான். அந்த முடிவுக்கு வந்து சேர எங்களுக்கு ஏழெட்டு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் நடந்ததை உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமையாசிரியராகவும் ஆசிரியராகவும் இருந்த உன்னிடம் கேட்க வேண்டிய ஓர் உதவியும் இருக்கிறது.

பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, முன்னாள் மாணவர் என்ற முறையில் என்னை நம் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சொல்வது உனக்குத் தெரியும். எங்கள் குழுவின் தலைவர் நான்காம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தாய், மீன் விற்பவர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் நாள் கூலிக்கு உழைக்கும் பெண்கள்.

நான் கலந்துகொண்ட முதல் கூட்டத்திலேயே பெற்றோர்கள் ஒருமித்த குரலில் கேட்டது, பழைய கட்டடத்தை இடித்துத் தாருங்கள் என்பதுதான். அவர்கள் கேட்டதில் தவறில்லை. மழை முடிந்ததும் அதன் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு. நாம் மூன்று படி ஏறி நுழைந்த வகுப்பறைக்கு இப்போது ஒரே ஒரு படிதான் இருக்கிறது, ஏனெனில் இத்தனை ஆண்டுகளில் பழைய தாரைச் சுரண்டாமலே அதன் மேல் மேலாகச் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தண்ணீர் அந்த வகுப்பறைகளுக்குள் நின்றது. கிழக்கே உள்ள கட்டடமோ பளிச்சென்று வண்ணம் பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டு, புதிது போலக் காட்சியளித்தது. கண்ணுக்குத் தெரிவதை வைத்து யாரும் அப்படித்தான் முடிவு செய்வார்கள்.

இரண்டையும் ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு நான் சொன்னது நேர்மாறானது. பழைய கட்டடத்தின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் என்பது உனக்கு நினைவிருக்கும். தேக்கு உத்திரங்களை எண்ணிக்கொண்டுதானே நாம் கணக்கு வகுப்பைக் கழித்தோம். அந்த உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நெட்டுக்குத்தாகப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியைப் பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டி, கடைசியாகத் தட்டோடு பதித்திருக்கிறார்கள். உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் நுழையும் இடங்களில்தான் ஈரமும் கரையானும் சேரும். ஒவ்வொரு முனையையும் குத்தூசியால் குத்திப் பார்த்தேன். இரண்டைத் தவிர மற்றவை உறுதியாக இருந்தன. அந்த இரண்டையும் மாற்றிவிட்டு, தட்டோடுகளின் இணைப்புகளைப் பூசி, மழைநீர்க் குழாய்களைச் சரிசெய்தால் அந்தக் கட்டடம் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும்.

கான்கிரீட் கட்டடத்தின் நிலைமை வேறு. கான்கிரீட்டில் இயல்பாக உள்ள காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், அதாவது மூடுகனம், போதாமல் போனால், கடற்காற்றின் உப்பும் ஈரமும் எளிதில் உள்ளே இறங்கி அந்தக் காப்பை அழித்துவிடுகின்றன. துருவானது தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கும். அந்த அழுத்தத்தில் கம்பியின் நீளவாக்கில் முதலில் முடி போன்ற விரிசல் தோன்றும், பிறகு கான்கிரீட் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே பழுது பார்த்த ஒப்பந்ததாரர் துருவைச் சுரண்டாமல், கம்பியைச் சுத்தம் செய்யாமல், மேலே சிமெண்ட் பூசி வண்ணம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லோரும் புதிது என்று நம்பிய பளபளப்பு அதுதான். இதைக் கண்டபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அந்தப் பூச்சுக்கு நேர் கீழே இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சொன்னதைப் பெற்றோர்கள் நம்பவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் திடீரென்று வந்து நல்ல கட்டடத்தைப் பூட்டச் சொல்கிறார் என்றால், பின்னால் வேறு எண்ணம் இருக்குமோ என்று ஐயப்பட்டார்கள். அந்த ஐயத்துக்குக் காரணம் இருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். வகுப்பறைகளைப் பூட்டினால் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள். அங்கே போக லாரிகள் ஓடும் சாலையைக் கடக்க வேண்டும். ஆண்டு முடிவில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சொல்லிப் பள்ளியையே இணைத்துவிடுவார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். பாதுகாப்பைப் பற்றி நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவர்கள் காதில், பள்ளியை மூடுவதற்கான முன்னுரையாகவே விழுந்திருக்கிறது. மூடுகனம், காரத்தன்மை என்றெல்லாம் ஒரு மணி நேரம் விளக்கிய நான், பிள்ளைகள் நாளை எங்கே உட்காருவார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நிலைமையை மாற்றியவர் குழுவிலிருந்த ஒரு தாய். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். அடுத்த கூட்டம் முடிந்ததும், "நானும் வந்து பார்க்கிறேன் ஐயா" என்று என்னுடன் அந்த வகுப்பறைக்கு வந்தார். துடைப்பக் கட்டையை எடுத்து மேற்கூரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று, மறுபடி தட்டி, "உள்ளே காலியா இருக்கு" என்றார். கான்கிரீட் கம்பியோடு பிடித்திருந்தால் கணீரென்று ஒலிக்கும். பெயர்ந்து நின்றால் பொத்தென்று ஒலிக்கும். நாங்கள் அலுவலில் சுத்தியலால் செய்வதும் இதேதான். அவர் தட்டிக் காட்டக் காட்ட, மற்றப் பெண்கள் சாக்பீஸால் வட்டமிட்டார்கள். அரை மணி நேரத்தில் அந்த ஒரு வகுப்பறையின் கூரையில் பதினோரு வட்டங்கள் விழுந்தன. அதன் பிறகு யாரும் என்னிடம் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. மறுநாளே தலைமையாசிரியர் அந்தக் கட்டடத்தைக் காலி செய்து, மாநகராட்சிப் பொறியாளரை ஆய்வுக்கு அழைத்தார். அவர்களுடைய சோதனையும் அதையே உறுதி செய்தது.

அன்று கூரையோடு நாங்கள் நிற்கவில்லை. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தபோது, மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடித்தார்கள். அதை நினைத்துக் கழிப்பறைச் சுவர், சுற்றுச்சுவர், சைக்கிள் கொட்டகை என ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பின்பக்க வாயிலுக்கு வந்தபோதுதான் எனக்கு உன் நினைவு வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்ட நாளில் நீ தஞ்சை மாவட்டத்தில்தான் பணியில் இருந்தாய். அந்த வாரம் எனக்கு எழுதிய கடிதத்தில், குறுகிய படிக்கட்டைப் பற்றியும் கூரைக் கீற்றைப் பற்றியும் எழுதிவிட்டு, மேற்கொண்டு எழுத முடியவில்லை என்று முடித்திருந்தாய். அந்தத் துயரத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட வழக்கில்தான், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் அடங்கும் என்று 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் பள்ளியின் பின்வாயிலோ பூட்டிக் கிடந்தது; சாவி யாரிடம் என்று தெரியவில்லை; வெளியே தெருவாசிகளின் இரு சக்கர வாகனங்கள் வரிசையாக நின்றன. சத்துணவுக் கூடம் முன்வாயிலை ஒட்டி இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் பிள்ளைகள் ஓடுவதற்கு இருக்கும் ஒரே வழி அந்தப் பின்வாயில்தான். அன்று மாலையே தலைவர் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேசினார். இப்போது வாயிலின் முன் வண்டி நிற்பதில்லை, சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாமல் முடிந்த இந்த வேலையைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்.

இனி நிதியைப் பற்றி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 75,000 ரூபாய். சாக்பீஸ் முதல் மின்விசிறி பழுது வரை அதற்குள்ளேயே அடங்க வேண்டும், அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிகளுக்கு. ஒரு மேல்தளத்தின் தட்டோட்டை மட்டும் மாற்றிப் பதிக்க நான் போட்டுப் பார்த்த மதிப்பீடு அதைப் போல் பல மடங்கு வருகிறது. இத்திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. 2024-25க்கான ஒன்றியப் பங்கு, 2,150 கோடி ரூபாய்க்கு மேல், பி.எம். ஸ்ரீ என்னும் ஒன்றிய அரசின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கான ஒப்பந்தம் தொடர்பான பிணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டு, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனதை நீயும் படித்திருப்பாய். புதுக் கட்டடங்களுக்கு வேறு வழிகள் உண்டு. 2022-23 நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். நம்முடையது மாநகராட்சிப் பள்ளியாதலால், இங்கே சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் கல்வி வரியும் இருக்கிறது. இதை நான் கூட்டத்தில் சொன்னபோது பலருக்கும் அது புதுச் செய்தியாக இருந்தது. தம் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவரும் இந்தப் பள்ளிக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே இது எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.

நன்கொடை பற்றியும் கேட்டிருந்தாய். 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியாக நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். ஆனால் என் அனுபவத்தில் நன்கொடையாளர்கள் விரும்புவது திறன் பலகை, கணினி, சுவர் ஓவியம் ஆகியவற்றை. மேல்தளத்து நீர்க்கசிவை அடைக்கப் பணம் தருகிறேன் என்று யாரும் முன்வருவதில்லை, ஏனென்றால் அதில் பெயர் எழுத இடமில்லை. அரசின் போக்கும் ஏறத்தாழ இப்படித்தான்: கட்டுவதற்குத் தலைப்பு உண்டு, கட்டியதைப் பராமரிக்கத் தனித் தலைப்பு இல்லை, இருந்தாலும் அது சிறியது. ஆண்டுக்கு ஒருமுறை தட்டோட்டு இணைப்பைப் பூசி, மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுத்திருந்தால், அந்தக் கான்கிரீட் கட்டடத்தை இப்போது இடிக்க வேண்டி வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1950களின் பிற்பகுதியில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி நம் வாத்தியார் சொல்வாரே, ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் குடிநீர்ப் பானையும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று. அவை எல்லாம் ஆடம்பரமில்லாத, பள்ளிக்கு உண்மையில் குறைவாக இருந்த பொருள்கள்.

கடைசிக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தின் சாரம் இது: கிழக்குக் கட்டடத்தை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்ட வேண்டும், இடிக்கும் முன், புதுக் கட்டடத்துக்கான நிர்வாக ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும், அதுவரை பழைய கட்டடத்தின் இரண்டு உத்திரங்களை உடனே மாற்றி, பிள்ளைகள் அங்கேயே படிக்க வேண்டும், வேறு பள்ளிக்கு அனுப்பக் கூடாது. இரண்டாவது நிபந்தனையை முன்வைத்தவர் தலைவர். எனக்கு முதலில் அது வீண் தாமதம் என்று பட்டது. பூட்டிய கட்டடம் மழையில் நிற்க நிற்க ஆபத்துதானே. ஆனால் இடித்த இடம் வெற்றிடமாகவே கிடக்கும் பள்ளிகளை அவர்கள் இந்தப் பகுதியிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆகவே சுற்றிலும் தகரத் தடுப்பு அடித்துவிட்டுக் காத்திருக்க ஒப்புக்கொண்டேன். தீர்மானத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கான செயலியில் பதிவேற்றி, நகலை வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம். ஒப்புதல் இன்னும் வரவில்லை.

இதற்கிடையே ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். பழைய கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுகிறோம். அகலமானவற்றின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டுகிறோம், சுவர் அசைந்தால் அது உடைந்து காட்டும். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு தாய்மார் சுற்றி வந்து குறிக்கிறார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலை உடனே சொல்ல வேண்டும், பூச்சில் மட்டும் வலைபோல் ஓடுவதற்கு அஞ்ச வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கார்த்திகை மழை முழுவதும் பார்த்தோம். ஒரு கண்ணாடியும் உடையவில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். சட்டத்தின்படி மூன்று ஆண்டுகளுக்கான பள்ளி வளர்ச்சித் திட்டத்தை இந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும். இதுவரை நம் பள்ளியில் அது வெறும் படிவ நிரப்பலாகவே இருந்திருக்கிறது. நீ தலைமையாசிரியராக இருந்தபோது பெற்றோரோடு உட்கார்ந்து எழுதிய திட்டத்தின் படி உன்னிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். பராமரிப்புச் செலவை நீ எந்தத் தலைப்பில் காட்டினாய், எதை ஏற்றுக்கொண்டார்கள், எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்று ஓரத்தில் குறித்து அனுப்பு. அடுத்த கூட்டம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்கு முன் கிடைத்தால், மீன் கடையை மூடிவிட்டு வரும் தலைவரிடம் நானே படித்துக் காட்டுவேன்.

தங்கைக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்