பேப்பர் தட்டு எதற்கு, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதுதான் மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபீஸ் விழாவுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் வீட்டில் சமைத்துக் கொண்டுவர வேண்டும், யார் என்ன கொண்டுவருவது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்றாய். நீ எதற்குப் பெயர் கொடுத்தாய் என்று கேட்டேன். "பேப்பர் தட்டும் டம்ளரும்பா" என்றாய். போன வருஷமும் அதுதான். அதற்கு முந்தின வருஷம் கடையில் வாங்கின கேக். யாராவது தட்டு கொண்டுபோகத்தான் வேண்டும், சரி. அது ஏன் நீயாக இருக்க வேண்டும்? குழம்பு கொதிக்கிற சத்தத்தை வைத்தே "அப்பா, தண்ணி வத்திடுச்சு" என்று அடுத்த அறையிலிருந்து ஒன்பது வயதில் குரல் கொடுத்தவள் நீ. உன் கைப்பக்குவம் அம்மாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

நேரமில்லை என்பாய். நீ வேலைக்குப் போகிற நேரமும் வருகிற நேரமும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பத்துப் பேர் பத்துப் பாத்திரம் வைத்திருக்கிற மேசையில் நம் பாத்திரமும் ஒன்றாக இருப்பது தனி சந்தோஷம். யாருடனோ பேசிக்கொண்டிருப்போம், கண் மட்டும் அந்தப் பாத்திரத்தின் மேலேயே இருக்கும். ஒருவர் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு போவார். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பி வந்து இன்னொரு கரண்டி வைப்பார். அந்த இரண்டாவது கரண்டிக்காகவே விடியற்காலையில் எழுந்து சமைக்கலாம். அப்புறம் "இது யார் செய்தது?" என்று கேட்டுக்கொண்டு யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்கள். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். தட்டு கொண்டுபோனவளிடம் யார் வந்து என்ன கேட்பார்கள், பாப்பா?

இன்னும் பத்து நாள் இருக்கிறது. பட்டியலில் மாற்றிக் கொடு. பெரிதாக எதுவும் வேண்டாம். உனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வருமே, பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, மேலே சிவக்க வதக்கின வெங்காயம் போடுவது, அதையே செய். இருபது பேர் என்றாய். இருபது பேருக்கு முழுச் சாப்பாடு என்று கணக்குப் போட்டு மலைத்துவிடாதே. பத்துப் பதார்த்தம் இருக்கிற இடத்தில் யாரும் ஒன்றையே நிறைய வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஆளுக்கு இரண்டு மூன்று கரண்டிதான். 600 கிராம் அரிசி, 400 கிராம் முழுப் பருப்பு தாராளம். பருப்பு முக்கால் பதம் வெந்த பிறகு அரிசியைப் போடு. அளவு கூடுகிறது என்று தண்ணீரையும் அதே கணக்கில் ஏற்றாதே. பெரிய பாத்திரத்தில் ஆவியாகப் போகிற தண்ணீர் அந்த அளவுக்கு அதிகமாகாது, சோறு குழைந்துவிடும்.

வெங்காயத்தில்தான் எல்லாமே. பெரிதாக ஆறு நறுக்கிக்கொள். வதங்கி வந்தால் ஒரு சின்னக் கிண்ணம்தான் மிஞ்சும். ஐந்து நிமிஷத்தில் சிவந்துவிடும் என்று யார் எழுதியிருந்தாலும் நம்பாதே. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது போகிற வரைக்கும் வெங்காயம் வேகுமே தவிர சிவக்காது. தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாக நிற்கும். மிதமான தீ, முதலிலேயே ஒரு சிட்டிகை உப்பு, அடி பிடித்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடு. நாற்பது நிமிஷம் ஆகும். அவசரப்படாதே.

இன்னொன்று. காலையில் ஆக்கின சோற்றை மூடி வைத்து மத்தியானம் பரிமாறாதே. சமைத்த சோறு வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அரிசியில் இருக்கிற ஒரு கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு அப்படியே கிடந்தால் அது முளைத்து நஞ்சு விடும், திரும்பச் சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாகவே வைத்திரு. முடியாவிட்டால் அகலமான தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வை, அங்கே போனதும் ஆவி பறக்கச் சூடாக்கு. பாத்திரத்தோடு தனிக் கரண்டி கொண்டுபோ. என்னென்ன போட்டிருக்கிறாய் என்று ஒரு சீட்டு எழுதி வை, நிலக்கடலை, எள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். மறக்காதே, சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது.

போன மாதம் புதுத் திரைச்சீலையைக் காட்ட ஒரு படம் அனுப்பினாயே, அதில் திரைச்சீலை அழகாக இருந்தது. பின்னால் பாத்திரம் கவிழ்க்கிற கூடையும் தெரிந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். முன்னே அனுப்பின படங்களில் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும். அம்மாவிடம் நான் காட்டவில்லை. நீ சொல்கிறபோது சொல். ஒரு ஆளுக்கென்றாலும் அடுப்பைப் பற்றவை பாப்பா, டப்பாவில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிடாதே.

சமைக்கச் சொல்லி உனக்கு இவ்வளவு எழுத எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. அத்தை வீட்டு விசேஷம் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினொரு வயது. முக்காலி போட்டு ஏறி நின்று, இதே பருப்புச் சோற்றை நீயே செய்தாய், மூடி நசுங்கின அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாய். வெங்காயம் கொஞ்சம் கருகியிருந்தது. பாத்திரம் வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. "எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சிடுச்சு போலப்பா" என்று நீ சொன்னாய். நான் ஆமாம் என்றேன்.

யாருக்கும் வயிறு நிறைந்திருக்கவில்லை. அந்தப் பாத்திரம் யார் கண்ணிலும் படவே இல்லை. பெரியவர்கள் வந்து உட்காருகிற நேரத்தில் கருகின வெங்காயத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்களோ என்று பயந்து, நான்தான் அதை எடுத்து மேசைக்கு அடியில், கூடைக்குப் பின்னால் வைத்தேன். அவர்கள் சொல்லியிருந்தால் என்ன? நாலு பேராவது சாப்பிட்டிருப்பார்கள். நீ சமைத்தது யாருக்கும் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொள்ள நான் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து ராத்திரி அதில் இரண்டு தட்டு நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் உன்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குள் சமைத்தாயே தவிர, வெளியே எங்கேயும் நீ பாத்திரம் எடுத்துக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை.

என்னை மன்னித்துவிடு.

விழாவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கொஞ்சமாகச் செய்து பார். வெங்காயத்தை அடுப்பில் போட்டதும் எனக்குப் போன் பண்ணு, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கிளறு. நாற்பது நிமிஷம் ஆகும். நீ ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, வதங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

உன் அப்பா