‘செட்டில்’ என்ற ஒரு சொல்
கோவை, திருப்பூர் மாவட்ட வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவன் எழுதுகிறேன். எங்கள் பேச்சில் ‘கடனைச் செட்டில் பண்ணியாச்சு’ என்றால், அசலும் வட்டியும் பைசா பாக்கியில்லாமல் கட்டி முடித்தோம் என்று பொருள். யார் எப்படிக் கடன் கட்டினார் என்று கடன் தகவல் நிறுவனங்கள் தொகுக்கும் கடன் அறிக்கையில் அதே சொல்லுக்கு, முழுத் தொகையைக் கட்டாதவரிடம் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வங்கி கணக்கை முடித்தது என்று பொருள். தறிக்கடனை முழுவதும் அடைத்து, நிலுவையில்லாச் சான்றையும் வாங்கித் தறிக்குடோன் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருந்த எனக்கு, அந்தக் கணக்கின் நேரே ‘செட்டில்டு’ என்று பதிவாகியிருந்தது, புதுத் தறிக்கு வேறொரு வங்கியில் கேட்ட கடன் மறுக்கப்பட்ட அன்றுதான் தெரிந்தது.

பழைய கிளையில் கேட்டதற்கு, ‘சிபிலில் போய்ச் சொல்லுங்கள்’ என்றார்கள். சிபில், அப்படி அறிக்கை தொகுக்கும் கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்று. கடன் கொடுத்த நிறுவனம் சரியென்று உறுதிசெய்யாமல் கடன் தகவல் நிறுவனம் திருத்த முடியாது என்பது 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே, அங்கே கொடுத்த புகாரும் சுற்றிக்கொண்டு உங்கள் மேசைக்கே வருகிறது. சிபில் மட்டுமன்றி எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவற்றுக்கும் நீங்கள் தகவல் அனுப்புவதால், ஒரு கைப்பிழை நான்கு இடங்களில் பதிந்துவிடுகிறது.

புகார் 30 நாட்களுக்குள் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. திருத்திய தகவலை 21 நாட்களுக்குள் அனுப்பத் தவறினால் அந்தத் தொகை வங்கியின் பொறுப்பு. (நின்றுபோன தறிக்கு அது காணாது என்பது வேறு விஷயம்.) ஆனால் கிளையில் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுபவரிடம், நாள் கணக்குத் தொடங்குவதற்கான சான்றே இருப்பதில்லை.

எனவே, கடன் முடியும் நாளில் சான்றைக் கையில் கொடுக்கும் முன், என்ன நிலையென்று பதிவு செய்து அனுப்பப் போகிறீர்கள் என்பதைக் கடன்தாரருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம் என்பதையும் சொல்லுங்கள். பிழையென்று வருபவரிடம் மனுவை வாங்கி, தேதியிட்ட முத்திரையோடு நகலைக் கொடுங்கள். 2025 ஜனவரி முதல் குறைந்தது பதினைந்து நாளுக்கொரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டியிருப்பதால், அடுத்த அனுப்புதலிலேயே திருத்தம் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
கூலித் தறிக்காரர் ஒருவர்,
சோமனூர் வட்டாரம்.