மலைநாட்டுக்குக் குடிபோகும் மகனுக்கு

சண்டிலிப்பாய்
18.01.2026

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். பொங்கல் நல்லபடியாக நடந்தது. ஓய்வு பெற்றதும் ரொறன்ரோவை விட்டு, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மலைக்குள்ளே இருக்கும் றெவெல்ஸ்ரோக் என்ற ஆற்றங்கரை ஊருக்குக் குடிபோகப் போவதாக நீ எழுதியதைத் தங்கச்சியின் மகன் எங்களுக்கு வாசித்துக் காட்டினான்; படங்களையும் தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினான். ஆறு அழகாக இருக்கிறது. வீட்டு விறாந்தையில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு கதிரை போட்டிருந்தாய். ஒன்றுதான் கிடக்கிறது என்று அம்மா சொன்னார். படம் எடுப்பதற்காக மற்றதை உள்ளே எடுத்து வைத்திருப்பான் என்று நான் சொன்னேன்.

உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. அறுபது வயது மகனைத் தடுக்கும் உரிமை எண்பத்தாறு வயதுத் தகப்பனுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் காலம் முழுவதும் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவன் ஓர் ஊரின் பெயரைக் கேட்டுவிட்டு அட்லசைத் திறக்காமல் இருக்க முடியாது. கொலம்பியா ஆறு பிறந்த இடத்திலிருந்து நேரே தெற்கே போகாமல், முதலில் வடக்கே ஓடி, செல்கேர்க் மலைத்தொடரை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் பிறகே தெற்கே திரும்பி உன்னுடைய றெவெல்ஸ்ரோக்குக்கு வருகிறது என்பதையும், அங்கிருந்து அமெரிக்காவுக்குள் போய், மொத்தமாக ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் ஓடிப் பசுபிக் சமுத்திரத்தில் விழுகிறது என்பதையும் விரலை வைத்து அம்மாவுக்குக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, அங்கே கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

உன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்பார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் குடாநாடு முழுவதும் பாழ்தான். ஆறு என்று சொல்ல எங்களுக்கு இருப்பது வழுக்கையாறு ஒன்று. அதுவும் மாரியில் தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளத்தைக் கொண்டுவந்து அராலிக் கடலில் சேர்த்துவிட்டு, மழை நின்று சில வாரங்களில் மாடு மேயும் பள்ளமாகிவிடும். பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடுகிற மண்ணில் பிறந்து, கிணற்றை எட்டிப் பார்த்தே தண்ணீரை அறிந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவனுக்கு வருடம் முழுவதும் ஓடும் ஆற்றின் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தால் தலை சுற்றத்தான் செய்யும். எனக்கும் சுற்றியது. 1967 இல் நாவலப்பிட்டிக்கு நியமனம் கிடைத்துப் போனபோது, உனக்கு ஒரு வயது. யாழ்தேவியில் பொல்காவலை வரை வந்து, அங்கே இறங்கி, மலைநாட்டுக்குப் போகும் புகையிரதத்தில் மாறி ஏறி, கடுகண்ணாவை ஏற்றத்தில் நீ அழுத அழுகையை அம்மா இன்றைக்கும் சொல்வார். உன்னுடைய புதிய ஊரும் புகையிரதத்தால் வளர்ந்த ஊர்தான் என்று அறிந்தபோது எனக்கு அந்தப் பயணம்தான் ஞாபகம் வந்தது.

நாவலப்பிட்டியில் மகாவலி எங்கள் வாடகை வீட்டுக்குக் கீழே ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் கரையில் இருட்டும்வரை நிற்பேன். வைகாசிக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கினால் வெயிலைக் காண்பது அரிது. யாழ்ப்பாணத்தில் நிலம் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் அங்கே சுவர் முழுவதும் பூஞ்சணம் பிடிக்கும், உன் துணிகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைக்க வேண்டும், வளவுக்குள் இறங்கினால் காலில் அட்டை ஏறும். எனக்கு அவையெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை. அம்மா அங்கிருந்த காலம் முழுவதும் தன் சேலைகளை றங்குப்பெட்டியிலிருந்து எடுத்து அலுமாரியில் வைக்கவே இல்லை. கட்டிய சேலையைத் தோய்த்து, காயவைத்து, மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள்ளேயே வைப்பார். அலுமாரி வெறுமையாகக் கிடந்தது. அவர் ஒரு நாளும் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. இழுப்பு மட்டும் வந்தது. 1970 இல் நான் இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டேன். அந்த ஆற்றை விட்டு வருவது எனக்கு இலகுவாக இருக்கவில்லை என்பதை இன்றுவரை நான் அம்மாவுக்குச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிட்டு வாசிப்பேன்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் ஸ்காபரோ வீட்டை இப்போது விற்காதே. அந்த மலையூரில் ஒரு பனிக்காலத்தை வாடகை வீட்டில் இருந்து பார். அதற்குப் பிறகு விற்பதா வைத்திருப்பதா என்று முடிவெடு. ஏறத்தாழ 8,000 பேர் வாழும் ஊர், வருடத்தில் 4 மீற்றரளவு பனி கொட்டும் இடம் என்று அறிகிறேன். ரொறன்ரோவில் நீ கண்ட பனியை வைத்து அதைக் கணக்குப் போடக்கூடாது. கூரையில் ஏறும் பனியை யார் தள்ளுவது? பாதையை யார் வெட்டுவது? கிழக்கே றொஜர்ஸ் கணவாயில் பனிச்சரிவை முன்கூட்டியே விழுத்துவதற்காகக் கனேடிய இராணுவம் பீரங்கியால் மலைக்கு அடிக்கிறது என்றும், அந்த நேரங்களில் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள் என்றும் தங்கச்சியின் மகன் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. பீரங்கிச் சத்தத்துக்கு விலகித்தான் உன்னைக் கனடாவுக்கு அனுப்பினோம் என்று அம்மா சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதே கணவாயில் 1910 மார்ச் 4 ஆம் திகதி இரவு, முதலில் விழுந்த சரிவைத் தண்டவாளத்திலிருந்து அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்மேல் எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து 58 பேரைக் கொண்டுபோனது. ஒரு பக்கத்தைப் பார்த்து நிற்கும்போது மற்றப் பக்கத்தால் வருவதுதான் மலையின் குணம். எங்கள் மலைநாட்டு மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் மூடியதும், போன நவம்பரில் டித்வா புயலோடு மலைநாடு பட்டதும் உனக்குத் தெரியும்; நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

பனியைக் கூடச் சமாளிப்பாய் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் வரும் புகையை என்ன செய்வாய்? அம்மாவின் இழுப்பு உனக்கும் வந்திருக்கிறது. தாவடி வைத்தியரின் வாசலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற இரவுகளை நான் மறக்கவில்லை. உன் புதிய மாகாணத்தில் காடு எரிந்தால் புகை பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கி நாட்கணக்காகத் தங்கிவிடும். 2021 ஜூன் 29 இல் லிற்றன் என்ற ஊரில் 49.6 பாகை வெப்பம் பதிவானது. மறுநாளே அந்த ஊரில் பெரும்பகுதி எரிந்து போனது. அதுவும் இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இருக்கும் ஊர்தான். அதே வருடம் நவம்பரில் பெய்த மழையில் வன்கூவரிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் நெடுஞ்சாலைகள் அறுந்தன. உன் ஊரில் வைத்தியசாலை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சிறிய ஊரின் சிறிய வைத்தியசாலை. பெரிய வருத்தம் என்றால் கெலோனாவுக்கோ கம்லூப்சுக்கோ போக வேண்டும். இரண்டும் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். இங்கிருந்து வவுனியாவுக்குப் போவதை விடவும் தூரம், அதுவும் மலைப்பாதை. சாரதி ஆசனத்தில் நீ இருந்தால் பக்கத்தில் யார் இருப்பார் என்பதையும் எழுதியிருக்கலாம்.

ஓய்வூதியத்தையும் யோசித்துப் பார். அங்கேயும் அறுபது வயதிலேயே எடுக்கத் தொடங்கினால், அறுபத்தைந்தில் கிடைக்கும் தொகையில் 36 சதவீதத்தை இழப்பாய், அந்தக் குறைவு கடைசிவரை தொடரும் என்று உன் சித்தப்பா விளக்கினார். முதியோருக்கான மற்றக் கொடுப்பனவும் அறுபத்தைந்துக்குப் பிறகுதானாம். நீ கணக்கில் கெட்டிக்காரன், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு இரவில் படித்து, எங்கள் எல்லோரையும் தாங்கி, தங்கச்சியின் கலியாணத்தையும் ஒப்பேற்றி, கடனில்லாமல் ஒரு வீட்டை உன் பெயரில் வைத்திருக்கிறாய். உங்கள் பெயரில் என்று எழுத வேண்டும். இந்த ஒழுங்கையில் உன்னைப் போல் ஒரு பிள்ளை இல்லை என்று நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. அந்த வீட்டை அவசரப்பட்டு விற்காதே.

யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை. விளக்கீட்டுக்குப் பிறகு தொலைபேசியில் மருமகளின் குரலை நாங்கள் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். வேலை முடிந்து களைத்துப் படுத்திருப்பார் என்று நீ சொன்னாய், சரி. பேரப்பிள்ளைகள் பொங்கலன்று தனித்தனியாக எடுத்துக் கதைத்தார்கள், அவர்களும் நல்ல பிள்ளைகள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மலையைப் பற்றிக் கேட்டேன். அது அப்பாவின் விருப்பம் என்று சின்னவள் சொல்லிவிட்டு, தாத்தா உங்கள் முழங்கால் எப்படி என்று கேட்டாள். அவளுக்கு என் முழங்காலைப் பற்றி யார் சொன்னது என்று தெரியவில்லை.

முழங்கால் என்றதும் நீயும் கேட்பாய் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். ஐப்பசி மழையில் இரவு ஒன்றுக்குப் போக எழும்பிப் போனவன் கிணற்றடிப் படியில் வழுக்கி விழுந்தேன். எழும்ப முடியவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். அவர் உள்ளே நித்திரை. நான் கூப்பிட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டு, அவன் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் வந்து என்னைத் தூக்கினான். நீயும் அவனுடைய தகப்பனும் பள்ளிக்கூடம் போக வெட்டிய அந்தப் பொட்டை அடைக்க வேண்டும் என்று வருடாவருடம் வேலி அடைக்கும்போது நான் சண்டை பிடிப்பேன். அது அடைபடாமல் இருந்ததால்தான் அவன் சுற்றி வராமல் நேரே வந்தான். எலும்பு முறியவில்லை, வீக்கம் வற்றிவிட்டது, நடக்கிறேன். நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் ஆட்கள் ஒருவரிடமொருவர் மறைப்பதெல்லாம் இந்தக் காரணத்துக்காகத்தான், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ விழுந்தால் கூப்பிடுகிற சத்தம் எந்த வீட்டுக்குக் கேட்கும்? படத்தில் பக்கத்து வீடு ஒன்றும் தெரியவில்லை. மரங்கள்தான் தெரிகின்றன.

போகத்தான் வேண்டுமென்றால் போ. ஆனால் சித்திரையில் போகாமல், வருகிற ஒக்டோபரில் போய், பங்குனிவரை வாடகைக்கு இரு. நல்ல கோடையில் எந்த ஆற்றங்கரையும் அழகாகத்தான் இருக்கும். போவதற்கு முன்பு அங்கே உன்னைப் பதிந்துகொள்ளும் வைத்தியர் ஒருவர் இருக்கிறாரா என்று கேள். புகை வந்தால் போயிருக்க ஓர் இடத்தைப் பார்த்து வை. இழுப்பு மருந்தை இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வை. வீட்டை விற்காதே. அணைக்கு மேலே அணையாக அந்த ஆற்றை மறித்திருக்கிறார்கள் என்பதையும், உன் ஊருக்குத் தெற்கே 1968 இல் கட்டி முடித்த அணையின் தண்ணீரால் தோட்டம் துரவோடு இருந்த பள்ளத்தாக்கு மக்கள் ஊர் ஊராக எழும்பிப் போனார்கள் என்பதையும் அறிந்தபோது, எழும்பிப் போவது என்ன என்று அறிந்தவன் ஆதலால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னை யாரும் எழுப்பவில்லையே, தம்பி. உனக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது. இங்கேயும் ஒன்று இருக்கிறது. வடக்குப் பக்கத்து அறைக்குப் போன மாதம்தான் வெள்ளை அடிப்பித்தேன். யாரையாவது நினைத்து அடிப்பிக்கவில்லை, சுவர் ஊத்தையாக இருந்தது.

இப்போதைய மணிக்கணக்கில் உன் புதிய ஊருக்கும் எங்களுக்கும் நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலத்திலிருந்து பதின்மூன்றரை மணித்தியாலம் ஆகுமாம். இங்கே ஞாயிறு காலை எட்டு மணிக்கு உனக்குச் சனிக்கிழமை பின்னேரம் ஆறரை. அந்த நேரத்துக்கு எடுத்தால் அம்மா கோயிலுக்குப் போகமுன் கதைக்கலாம். இந்த ஞாயிறும் எடு. பனி என்று ஊரைப் பற்றி மட்டும் கதைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: அம்மா உங்களுக்கு அனுப்பத் தூள் இடிப்பிக்கிறார். மல்லியும் செத்தல் மிளகாயும் முற்றத்தில் காய்கின்றன. மிளகும் பெருஞ்சீரகமும் நேற்றுத் துப்புரவாக்கி முடித்துவிட்டார். மருமகளுக்கு உறைப்பைக் குறைத்து வேறாக இடிப்பது வழக்கம் அல்லவா? இந்த முறை எவ்வளவு, எந்த முகவரிக்கு, ஒரு பொதியா இரண்டு பொதியா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். மில்லுக்காரர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்; அதற்கு முன் பதில் வேண்டும்.