பெயர்தான் அங்கே கதவிலக்கம்

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிவேதாவுக்கு,

அப்பா எழுதுவது. ஜெர்மனியின் ஆகன் நகரில் அறை கிடைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். சாவி கைக்கு வந்ததும், பாத்திரம் பண்டத்தை அடுக்குவதற்கு முன்னால், கீழே தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் உன் பெயரை ஒட்டிவிடு.

ஜெர்மனியில் விலாசத்தோடு ஃபிளாட் நம்பர் எழுதும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. தெரு, கட்டட எண், 5 இலக்க பின்கோடு, ஊர், அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் 20 குடித்தனம் இருந்தாலும் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். நம் ஊரில் கதவிலக்கம் தப்பாக இருந்தாலும் அந்த பீட் போஸ்ட்மேனுக்கு ஆளைத் தெரியும், விசாரித்தாவது கொடுத்துவிடுவார். அங்கே பெயர்தான் கதவிலக்கம். அது இல்லையென்றால் ஆள் தெரியவில்லை என்று குறித்து, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள்.

எந்தப் பெயர் என்பதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். இங்கே நீ எஸ். நிவேதா. உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அதனால் அங்கே நீ திருமதி சுப்பிரமணியன்தான், சிரிப்பு வந்தாலும் வழியில்லை. பெட்டியில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே சுப்பிரமணியன் என்று முழுதாக ஒட்டு. இனிஷியல் மட்டும் போட்டால் யாருக்கும் புரியாது. உள்வாடகைக்கு இருந்து, பெட்டியில் வீட்டுக்காரரின் பெயர் மட்டும் இருந்தால், விலாசத்தில் உன் பெயருக்கு அடுத்த வரியில் 'சி/ஓ' போட்டு அவர் பெயரை எழுதச் சொல்.

குடிபோன 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் விலாசப் பதிவு செய்ய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு உனக்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிந்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். பெட்டியில் பெயர் இல்லாமல் அது திரும்பிப் போனால், பகுதிநேர வேலையில் சேரும்போது 6ஆம் வரி வகுப்பில் போட்டு அதிகமாகப் பிடிப்பார்கள். ரேடியோ, டிவி கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று ஒரு கடிதமும் வரும். மோசடி என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதே, நிஜம்தான். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், கூட இருப்பவர் யாராவது கட்டுகிறாரா என்று கேள்.

வங்கிக் கணக்குக்கு ஆளடையாளம் காட்டுவதையும் தபால் ஆபீஸில் செய்யலாம், போஸ்ட்இடென்ட் என்று பெயர். வங்கி அனுப்பும் பார்கோடு தாளையும் அசல் பாஸ்போர்ட்டையும் கொண்டு போ, நகல் செல்லாது. பாஸ்போர்ட்டில் ஜெர்மன் விலாசம் இருக்காது, அதனால் விலாசப் பதிவுச் சான்றையும் கையோடு வைத்துக்கொள். பல இடங்களில் தபால் ஆபீஸ் என்பது பேப்பர் கடையிலோ மளிகைக் கடையிலோ ஒரு மூலைதான். பார்சல் மட்டும் வாங்கும் கடைகளும் உண்டு, அங்கே இந்த வேலை நடக்காது. போகுமுன் பார்த்துக்கொள்.

நீ வீட்டில் இல்லாதபோது பார்சல் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஒரு சீட்டுப் போட்டுப் போவார்கள், அல்லது தபால் கிளையில் வைப்பார்கள். கிளையில் ஒரு வாரம்தான் இருக்கும். எந்தக் கிளை, எப்போதிலிருந்து வாங்கலாம் என்பது சீட்டிலேயே இருக்கும். அன்றைக்கே ஓடாதே, பெரும்பாலும் மறுநாள்தான் அங்கே வந்து சேரும். தோழியை அனுப்பினால் சீட்டின் பின்பக்கத்தில் அதிகாரம் அளித்துக் கையெழுத்துப் போடு. அவளுடைய அடையாள அட்டையும் வேண்டும்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படி. அரசு அலுவலக உத்தரவு சாதாரணத் தபாலில் வந்தால், அனுப்பிய 4ஆவது நாள் உனக்குக் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2024 வரை 3 நாளாக இருந்தது, தபால் பட்டுவாடாவுக்கு அவகாசத்தைக் கூட்டியபோது இதையும் கூட்டிவிட்டார்கள். ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு, பெரும்பாலும் ஒரு மாதம், அதிலிருந்து ஓடும். மஞ்சள் உறையில் வந்தால் இன்னும் கண்டிப்பு. பெட்டியில் போட்ட தேதியைப் போஸ்ட்மேன் உறைமேலேயே எழுதுவார், அன்றிலிருந்தே கணக்கு. நீ திறந்தாயா, ஊரில் இருந்தாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். உறையைக் கிழித்து எறியாமல் கடிதத்தோடு சேர்த்து வை. லீவில் இங்கே வந்தால் பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வா.

நீ அனுப்பும் கடிதத்துக்கு வேறு கணக்கு. வாடகை வீட்டைக் காலி செய்ய மின்னஞ்சல் செல்லாது, மைக் கையெழுத்துப் போட்ட தாள்தான் வேண்டும். கெடுவில்லாத ஒப்பந்தத்தில் 3 மாத நோட்டீஸ். மாதத்தின் 3ஆவது வேலைநாளுக்குள் வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்தால்தான் அந்த மாதம் கணக்கில் சேரும். பதிவுத்தபாலில் 2 ரகம். கையெழுத்து வாங்கும் ரகம்தான் உசத்தி என்று தோன்றும், ஆனால் அவர் வீட்டில் இல்லாமல் சீட்டு வைக்கப்பட்டு, அவரும் போய் வாங்காவிட்டால், கடிதம் சேர்ந்ததாகவே ஆகாது. பெட்டியில் போட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளும் ஐன்வுர்ஃப் ரகத்தை எடு. அதிலும் கவுன்டர் ரசீதும் இணையத்தில் தெரியும் நிலையும் மட்டும் சான்றாகாது என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. பட்டுவாடாச் சீட்டின் நகலைக் காலம் தாழ்த்தாமல் கேட்டு வாங்கிவிடு.

நாங்கள் அனுப்பும் பார்சலைப் பற்றி. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் வரி இல்லை. அதற்குள்ளும் காபித்தூளுக்கு 500 கிராம்தான் வரம்பு, அங்கே காபிக்குத் தனி வரி உண்டு. சுங்க அறிவிப்புப் படிவத்தில் 'சாப்பாட்டுச் சாமான்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், எடை, விலை தனித்தனியாக வேண்டும். அந்த விவரத்தைக் கவுன்டரில் கணினியில் ஏற்றினார்களா என்று நான் பார்த்துக்கொள்கிறேன், கையால் எழுதியது மட்டும் இப்போது போதாது. சுங்கத்தில் நிறுத்தினால் உனக்குக் கடிதம் வரும். பாஸ்போர்ட்டோடு சுங்க அலுவலகம் போய், அவர்கள் முன்னாலேயே பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

நெய், பால்கோவா கேட்காதே. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருள் தபாலில் போகாது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், காயவைத்துப் பொடித்து அனுப்புகிறேன். மருந்து அறவே கூடாது, தலைவலி மாத்திரையானாலும் பிடித்துவைப்பார்கள். நீ இங்கே வந்து திரும்பும்போது பயணப்பெட்டியில் எடுத்துப் போகலாம், சொந்த உபயோகத்துக்கு 3 மாத அளவு வரை.

ரசீது எண் 13 எழுத்து, கடைசியில் 'ஐஎன்' என்று முடியும். பார்சல் ஜெர்மனிக்குள் நுழைந்த பிறகு அதே எண்ணை, அங்கே பார்சல் பட்டுவாடா செய்யும் டி.எச்.எல். நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்.

பெயர் ஒட்டியதும் அந்தப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு கண்ணு. அதைப் பார்த்துத்தான் மேல்விலாசம் எழுத வேண்டும். காபித்தூள் 400 கிராம் அரைத்து வைத்தாயிற்று.

அன்புடன்,
அப்பா